நனையக்கூடாத பைப்

போன வாரம் குன்னூர் போகிற வழியில் பஸ் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றது. என் ஜன்னலுக்கு நேரே சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கின. தீப்பிடித்தால் கொட்ட வைத்திருக்கும் மணல். மேலிருந்து பார்த்தால் மணலில் பீடித்துண்டும் வெற்றிலை எச்சிலும். பக்கத்து ஆள் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. துப்பவாவது பயன்படுகிறதே. எங்கள் ஃபாக்டரியின் தீயணைப்புச் சாமான்கள் அதற்குக்கூட உதவியதில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில், குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் ஃபாக்டரியில் நான் கிளார்க். அண்ணனின் பழைய கோட்டு. கை நீளம், விரல் நுனி மட்டும் வெளியே தெரியும். அந்தக் கோலத்தில் என்னைப் பெரிய ஆபீசர் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். வாடும் பச்சை இலை, விறகுப்புகை, இவற்றோடு சனிக்கிழமைகளில் இன்னொரு வாசனையும் சேரும், பித்தளை பாலிஷ். அன்றைக்குத்தான் தீ பரேடு.

பரேடு எங்கள் துரையின் கண்டுபிடிப்பு. பட்டாளத்தில் இருந்தவராம். அங்கே எந்தத் தீயை அணைத்தார் என்று யாரும் கேட்டதில்லை. அவர் விசில் ஊதுவார். இரண்டு பேர் கித்தான் துணிப் பைப்பை உருட்டி விரிப்பார்கள். அடுப்புக்கு விறகு போடுகிற ஜோசப் ஆள் வாட்டசாட்டம் என்பதால் பளபளக்கும் பித்தளை வாயை அவர்தான் பிடிப்பார். மறுமுனையில் மாரி என்கிற ஆள் வால்வைத் தொட்டுவிட்டுக் கையைத் தூக்குவான். உடனே ஜோசப், "தண்ணி ரெடி தொரை" என்று கத்த வேண்டும். துரை கடிகாரத்தைப் பார்த்து "வெரி குட்" என்பார். முடிந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வராது.

வரக்கூடாது என்பதுதான் உத்தரவு. நனைந்த கித்தான் எங்கள் மூடுபனியில் காயாது, பூஞ்சை பிடிக்கும். கறை படிந்த சாமானைத் துரையின் கண் பொறுக்காது. ஒருநாள் ஜோசப் ஹெட் கிளார்க்கிடம் கேட்டார்.

"ஏனுங்க, ஒருக்காவாச்சும் தண்ணி உட்டுப் பாத்தா என்னங்க?"

"நனைஞ்சா உங்கப்பனா காய வெப்பான்? வெயிலு எந்தப் பக்கம் அடிக்குதுன்னு மொதல்ல காட்டு."

கம்பெனிப் பெரிய துரை பார்வையிட வரும்போதெல்லாம் வால்வுக்கும் வாளிக்கும் புதுச் சிவப்புப் பெயிண்ட். எதற்கு எது அவசியம் என்கிற அறிவு மட்டும் அங்கே எவனுக்கும் கிடையாது. பரேடு பார்த்தால் கூலிகளுக்குச் சாமான்கள் மேல் நம்பிக்கை பிறக்கும் என்பார் துரை. அதில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. இலை வாட்டும் மாடியில் வேலை செய்த பெண்கள் வாராவாரம் ஜன்னலில் நின்று பார்த்துச் சிரிப்பார்கள். ஜோசப்பின் மனைவி பிலோமினாவும் அங்கேதான். "எங்கூட்டுக்காரரு இல்லாத தண்ணிக்கே இந்தச் சத்தம் போடறாரு" என்பாள்.

ஒரு மத்தியானம் விறகுக் கொட்டகை தீப்பிடித்துக்கொண்டது. அதை ஒட்டித்தான் மாடிக்குப் போகிற மரப்படி. துரை ஓடிவந்து விசில் ஊதினார். அவ்வளவு ஒழுங்கான பரேடை நான் பார்த்ததே இல்லை. பைப் விரிந்தது. மாரி வால்வைத் தொட்டான், கையைத் தூக்கினான். ஜோசப் "தண்ணி ரெடி தொரை" என்று கத்தினார். அப்புறம் எல்லோரும் அப்படியே நின்றார்கள். துரையின் கையில் கடிகாரம். இப்போது நினைத்தாலும் காறித் துப்பத் தோன்றுகிறது.

மாடியில் பெண்கள் ஓடவில்லை. பைப்தான் விரிந்துவிட்டதே, ஏன் ஓடுவார்கள்? பிலோமினா ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தாள். "பாத்துப் புடிங்க. எங்கள நனச்சுப்போடாதீங்க."

ஜோசப்புக்கு அப்போதுதான் உறைத்தது. "மாரி, தொறடா" என்றார். மாரி திருகினான். வால்வு அசையவில்லை. பூசிப் பூசிப் பெயிண்ட் அதை இறுக்கிவிட்டிருந்தது. கடப்பாரையால் அடித்துத் திறந்தபோது, அதே மடிப்பில் வருஷக்கணக்காய்ச் சுருண்டு கிடந்த பைப் மடிப்புக்கு மடிப்பு வெடித்து எங்களைத்தான் நனைத்தது. பித்தளை வாயில் வந்தது மூத்திரம் மாதிரி. அதற்குள் படி எரிந்துபோய்விட்டது. வாடிய இலையைக் கீழே தள்ளுகிற பலகைச் சரிவு வழியாகப் பெண்கள் இருமிக்கொண்டே ஒவ்வொருத்தியாய்ச் சறுக்கி வந்தார்கள். பிலோமினா வரவில்லை. ஜோசப் அந்தச் சரிவில் ஏறப் பார்த்தார். நாலு பேர் பிடித்து இழுத்தோம்.

பரேடு இருந்ததால்தான் ஒருத்தியோடு போயிற்று என்று துரை சொன்னார். ஹெட் கிளார்க் தலையாட்டினார். புதுப் பைப் வந்தது. அதையும் நனைக்கக் கூடாதென்று உத்தரவு. அடுத்த பரேடில் ஜோசப்பைத்தான் நிறுத்தினார்கள். துரை விசில் ஊதினார். மாரி கையைத் தூக்கினான். ஜோசப் வாயைத் திறக்கவில்லை. துரை மறுபடியும் ஊதினார்.

"தண்ணி உடுங்க தொரை. வந்தாச் சொல்றேன்."

பைப்பை அவர் கையிலிருந்து வாங்கி வேறொருவனிடம் கொடுத்தார்கள். அவன் கத்தினான், "தண்ணி ரெடி தொரை." ஜோசப் அன்றைக்கே எஸ்டேட்டை விட்டு ஊட்டிப் பக்கம் காந்தலில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

துரை கப்பலேறிப் போனார். ஃபாக்டரியின் தகரத்தைக்கூடப் பிரித்து விற்றுவிட்டார்கள். அங்கே இப்போது வெளியூர்க்காரர்கள் தங்குகிற பங்களா. போன வாரம் பஸ்ஸை விட்டிறங்கிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். துரைமார்களின் கல்லில் எழுத்து இன்னும் தெளிவாக இருக்கிறது. பிலோமினாவுக்கு வைத்தது மரச்சிலுவை. இந்த ஊர் மழைக்கு எத்தனை நாள் நிற்கும்? பள்ளமும் புல்லுமாகக் கிடந்த மூலையில் வெகுநேரம் தேடினேன். எந்த இடத்தில் அவளைப் புதைத்தோம் என்று எனக்குத் தெரியவில்லை.