பிரேமினியின் முப்பத்தெட்டு விநாடிகள்

சுகுமாறன் பிறந்தது கிள்ளானில், 1961ஆம் ஆண்டு. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மகன் பதினெட்டு வயதில் டிவி ரிப்பேர் கற்றுக்கொண்டார். இருபத்தைந்தில் கல்யாண வீடியோ எடுக்கத் தொடங்கினார். 1994இலிருந்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடிக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். கல்யாணத்துக்கு அவரை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. பழைய டேப்புகளைப் புதிய டிவியில் ஓடும்படி மாற்றிக் கொடுப்பதுதான் வேலை. வாரத்துக்கு இரண்டு டேப் வந்தால் அதிகம்.

2024 நவம்பர் 18, திங்கட்கிழமை, பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கௌசலா வந்தார். எழுபத்திரண்டு வயது. மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குமுன்னே கைப்பையைத் திறந்து ஒரு டேப்பை மேசைமேல் வைத்தார்.

"தம்பி, இதைச் சரிபண்ணலாமோ?"

"ஓடலையா அக்கா?"

"ஓடுது. ஆனா பிள்ளையின்ர முகம் கிழிஞ்சு கிழிஞ்சு தெரியுது."

அவர் சொன்னது இது. கணவர் கேதீஸ்வரன், நில அளவை இலாகாவில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவர், மூன்று வருடமாக ஒவ்வொன்றாக மறந்து வருகிறார். மகன் ஜெயந்திரனின் பெயர் போயிற்று. வீட்டு இலக்கம் போயிற்று. தங்கியிருந்த ஒரே பெயர் மகள் பிரேமினியுடையது. 1999இல் பள்ளித் திடலில் பிரேமினி நெட்பால் ஆடியதை அவரே காமெராவில் எடுத்திருந்தார். நான்கு வருடம் கழித்து டெங்கிக் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அந்த டேப்பில் அவள் வருவது முப்பத்தெட்டு விநாடி. கேதீஸ்வரன் தினமும் மாலைத் தேநீருக்குப் பிறகு பழைய பெட்டி டிவியின் முன் உட்கார்ந்து, அவள் பந்தோடு திரும்பும் இடத்தில், "பிரேமினி" என்பார். ஒரு நாள் தவறியதில்லை.

தீபாவளிக்கு மெல்பர்னிலிருந்து வந்த ஜெயந்திரன் எழுபத்தைந்து அங்குல டிவி வாங்கி மாட்டினான். பெட்டி டிவியை அக்டோபர் 19 சனிக்கிழமை, ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு தாமான் குடியிருப்புக்குள் வந்த பழைய பேப்பர் லோரியில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றச் சொன்னது கௌசலாதான்.

"பெரிசாத் தெரிஞ்சா இன்னும் நல்லாப் பார்ப்பாரெண்டு நினைச்சன். அண்டைக்குப் பிறகு அவர் அவளின்ர பெயரைச் சொல்லேல்லை."

சுகுமாறனுக்கு உடனே புரிந்தது. பழைய காமெரா ஒரு படத்தை ஒரே மூச்சில் எடுப்பதில்லை. முதலில் ஒற்றைப்படைக் கிடைவரிகள், விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படை வரிகள். பெட்டி டிவியும் அதே வரிசையில் வரையும். கண் இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். புதிய டிவி இரண்டு பாதியையும் ஒன்றாகக் காட்டும். இடையில் அசைந்ததெல்லாம் சீப்புப் பல்லாக நீட்டிக்கொண்டு நிற்கும். சும்மா நிற்பவர்களுக்குப் பாதகமில்லை. பிரேமினி ஒரு விநாடிகூடச் சும்மா நிற்கவில்லை.

"வேற பெட்டி டிவி தேடிப் பாத்தீங்களா?"

"எங்க தம்பி கிடைக்குது?"

சுகுமாறனும் அம்பாங்கிலும் காப்பாரிலும் தெரிந்த பழைய சாமான் கடைகளுக்கெல்லாம் போன் போட்டார். "அதெல்லாம் உடைச்சு செம்பு எடுத்தாச்சு லா, அண்ணே" என்றார்கள்.

சுகுமாறன் செய்தது கல்யாண டேப்புகளுக்கு இத்தனை வருடம் செய்த அதே வேலை. ஒவ்வொரு படத்திலும் ஒரு பாதியை எறிந்துவிட்டு மற்றதை இழுத்து நிரப்பினால் சீப்புப் பல் போய்விடும். மாலை மாற்றுகிறவர்கள் மெதுவாகத்தான் அசைவார்கள். யாரும் குறை சொன்னதில்லை. நவம்பர் 29 அன்று கௌசலாவின் வீட்டுக்குத் தானே எடுத்துக்கொண்டு போனார். சீப்புப் பல் போயிருந்தது. ஆனால் முப்பத்தெட்டு விநாடிக்குரிய ஆயிரத்துத் தொள்ளாயிரம் அசைவில் தொள்ளாயிரத்து ஐம்பதுதான் மிச்சம். பிரேமினி வெட்டி வெட்டி ஓடினாள்.

கேதீஸ்வரன் திரையைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"இவள் இப்பிடி ஓட மாட்டாள்" என்றார் கௌசலா. "பாதியை எங்க விட்டிட்டீங்கள்?"

எறிந்தது சுகுமாறன்தான்.

மெல்பர்னிலிருந்து ஜெயந்திரன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். "அங்கிள், ஏஐ இருக்கு. ஃபைலை அனுப்புங்க, ஒரே நைட்ல கிளியரா வந்துடும்." சுகுமாறனுக்கு இஷ்டமில்லை. அனுப்பினார். டிசம்பர் 14 அன்று பெரிய திரையில் ஒரு பெண் வந்தாள். புருவம் மயிர் மயிராகத் தெரிந்தது, பல் வரிசையாக இருந்தது. ஜெயந்திரன் போனில், "பார்த்தீங்களா அங்கிள்!" என்றான்.

"வடிவான பிள்ளை" என்றார் கேதீஸ்வரன். "ஆருடைய பிள்ளை?"

கௌசலா ரிமோட்டை எடுத்து அணைத்தார். "தம்பி, இந்தப் பல்லு என்ர பிள்ளையின்ர பல்லு இல்லை. அவளுக்கு மேல்பல் ஒண்டு கோணல்."

டேப்பில் அந்த முகம் இருபத்திரண்டு வரி உயரம்தான். அதற்குள் கோணல் பல்லுக்கு இடமில்லை; இயந்திரம் தனக்குத் தெரிந்த பல்லை வைத்துவிட்டது.

மூன்றாவது தடவை சுகுமாறன் சரியானபடி செய்தார். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. எந்தப் பாதியையும் எறியாமல், ஒவ்வொன்றையும் ஒரு முழுப் படமாக ஆக்கினார். அசையாத திடலுக்கு இரண்டு பாதியின் வரிகளையும் சேர்த்தார். அசைகிற பிரேமினிக்கு அந்தந்தப் பாதியின் சொந்த வரிகளை மட்டும் வைத்து இடைவெளியை நிரப்பினார். அவளுடைய பின்னலும் பந்து வலையும் சேருமிடங்களில் மென்பொருள் குழம்பியது. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினார். வேறு வேலை எடுக்கவில்லை. நான்கு வாரம் ஆனது.

2025 ஜனவரி 11, சனிக்கிழமை. கௌசலா தேநீர் கொடுத்துக் கணவரை நாற்காலியில் உட்கார வைத்தார். சுகுமாறன் போட்டார்.

பிரேமினி ஓடி வந்தாள். வெட்டு இல்லை, சீப்புப் பல் இல்லை. முகம் கொஞ்சம் மங்கல்; பெட்டி டிவியில் இருந்த அதே மங்கல். பந்தோடு திரும்பினாள். காமெராவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "பிள்ளை, இங்கால பார்!" என்றது. அவள் பார்த்துச் சிரித்தாள்.

"இவள்தான்" என்றார் கௌசலா, வாயைப் பொத்திக்கொண்டு. "இதுதான் தம்பி, இவள்தான்."

கேதீஸ்வரன் விருந்துக்கு வந்தவர்போல முழுவதையும் மரியாதையாகப் பார்த்தார். கௌசலா மறுபடி போடச் சொன்னார். ஆறு தடவை போட்டார்கள். "இங்கால பார்" என்ற குரல் வரும்போதெல்லாம் கேதீஸ்வரன் கதவுப் பக்கம் திரும்பி யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார்.

ஏழாவது தடவை போட சுகுமாறன் எழுந்தபோது கேதீஸ்வரன் அவர் கையைத் தொட்டார்.

"உங்கட மகளோ?"

சுகுமாறன் கௌசலாவைப் பார்த்தார். கௌசலா தேநீர்க் கோப்பையை எடுத்து, அடியில் இருந்ததைத் தட்டில் வடித்தார்.

"ஓம்" என்றார் கணவரிடம். "அவருடைய மகள்தான்."

"கெட்டிக்காரி" என்றார் கேதீஸ்வரன். "நல்லா விளையாடுறா. இப்ப என்ன செய்யிறா?"

"வேலைக்குப் போறா, சார்" என்றார் சுகுமாறன்.