கணக்குப் பரீட்சைக்கு ஒரு பூசை

பத்தாம் வகுப்பில் என் வயிற்றுக்கும் கணக்குப் பாடத்துக்கும் ஆகாது. வினாத்தாளைக் கையில் வாங்கியதும் குமட்டும். அரையாண்டுத் தேர்வில் வாயைப் பொத்திக்கொண்டு பாதியிலேயே வெளியே ஓடினேன். பொதுத்தேர்விலும் அப்படி ஓடினால் அந்த வருடமே போய்விடும். வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். அம்மா மாதா கோயில் எண்ணெயை நெற்றியில் தேய்த்தாள். சித்தி ஓமத் தண்ணீர் கொடுத்தாள். அப்பா, "ஒழுங்காப் படிச்சா ஏம்ளா பயம் வருது?" என்று கேட்டுவிட்டு வள்ளத்தில் கடலுக்குப் போய்விட்டார். படித்தும்தான் வருகிறது என்றால் கேட்க ஆளில்லை.

பள்ளிக்கு வாரம் ஒருமுறை வரும் மனநல ஆலோசகர் மிஸ் மட்டும்தான் என்னிடம் கேள்வி கேட்டுப் பதிலுக்கும் காத்திருந்தார்.

"வாந்தி எடுத்தா என்ன ஆகும்னு நினைக்க?"

"ஊரே சிரிக்கும் மிஸ்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"மனசு சொல்லுது மிஸ்" என்றேன். மனம் சொல்வதையெல்லாம் அப்படியே நம்பாமல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். முதல் படி மிகச் சிறியது. நம்பிக்கையான ஒரே ஒருவரிடம் என் பயத்தைச் சொல்லி, அவர் சிரிக்கிறாரா என்று பார்த்துவர வேண்டும். நான் அம்மாவைத் தேர்ந்தெடுத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

அம்மா சிரிக்கவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு வெளியே போனாள். மறுநாள் காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அன்றைய பூசை யார் யாருக்காக என்று கோயில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். இறந்துபோன ஒரு தாத்தாவுக்காக, கல்யாணம் முடிந்த ஒரு வீட்டுக்காக, அப்புறம் அப்பாவின் பெயரைச் சொல்லி, அவருடைய மகளுக்குக் கணக்குப் பரீட்சை பயம் நீங்குவதற்காக. துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கும் கேட்டிருக்கும்.

"ஒருத்தர்ட்ட சொல்லச் சொன்னா ஊருக்கே சொல்லிட்டியேம்மா!" என்று கத்தினேன்.

"ஏளா, பயத்த வயித்துக்குள்ள வச்சிருந்தா வாந்திதான் வரும். கோயில்ல சொல்லியாச்சில்ல, போய்க் குளி."

அன்று நான் தெருவில் தலை நிமிரவில்லை. பலசரக்குக் கடை அண்ணாச்சி, "நல்லா எழுதிருவ, பயப்படாத" என்று மிட்டாய் கொடுத்தார். குழாயடிச் சண்டையில் அம்மாவோடு பேச்சை நிறுத்தியிருந்த எதிர்வீட்டு அக்கா கஞ்சியோடு வந்து நின்றாள். கூடப் படிப்பவள் ஒருத்தி, "எனக்கும் கை நடுங்குதுளா, அந்த மிஸ்ட்ட என்னையும் கூட்டிட்டுப் போறியா?" என்று காதோடு கேட்டாள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. சிரித்திருந்தால் அம்மாவோடு சண்டை போட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

கதையைக் கேட்டுச் சிரித்தவர் மிஸ் மட்டும்தான். "நான் ஒரு படி ஏறச் சொன்னேன், உங்கம்மா மொட்டை மாடிக்கே ஏத்திட்டாங்க" என்றார்.

பொதுத்தேர்வன்றும் குமட்டியது. வந்தால் வரட்டும், துடைத்துவிட்டு எழுதலாம், யாரும் சிரிக்கப் போவதில்லை என்று மிஸ் பழக்கியபடி எனக்குள் சொல்லிக்கொண்டேன். கடைசி மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் அம்மா மேல் கோபம் வெகுநாள் தீரவில்லை. காற்று பலமாகி அப்பாவின் வள்ளம் கரை திரும்ப நேரமாகும் நாட்களில் அம்மா அதே கோயிலுக்கு ஓடுவாள். ஒலிபெருக்கி அப்பாவின் பெயரைச் சொல்லும். எதிர்வீட்டு அக்கா எந்தச் சண்டை இருந்தாலும் கஞ்சியோடு வந்துவிடுவாள். அப்படிப் பெயர் வாசிக்கப்பட்ட வீட்டைப் பார்த்து எங்கள் கரையில் யாரும் சிரித்ததில்லை. இதையெல்லாம் பார்த்துத்தான் வளர்ந்தேன். என் கணக்குப் பரீட்சையை அம்மா கடலுக்குச் சமமாக வைத்துப் பயந்திருக்கிறாள் என்பது மட்டும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.