தூக்கத்திலும் நிற்காத கை

சூசைதாசன் மாஸ்கோவில் ஐந்து வருடம் வைத்தியம் படித்தவர். கடைசி வருடத்தை முடிக்காமலே கிழக்கு பேர்லின் வழியாக டென்மார்க் வந்து சேர்ந்தார். 1986இல் கோப்பன்ஹேகன் ஆஸ்பத்திரி ஒன்றில் என்னோடு தரை துடைத்தார். மன்னார்க்காரர், மகா கோபக்காரர். கோபம் வந்தால் நரம்பு நோய்களைப் பற்றிய பழைய ருஷ்யப் பாடநூல் ஒன்றை விரித்து வாசிப்பார். எத்தனை தரம் முடித்திருப்பாரோ!

அந்த மாரிக் குளிரில் அமலராணி எங்கள் வார்டுக்கு வந்தாள். பத்தொன்பது வயது. வலது கை ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு டேனிஷ் தெரியாது. அண்ணன் பேனாட்தான் மொழிபெயர்த்தான். ஊர்ப் பிரச்சினையை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்று அவன் சொல்ல, டொக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை மனநோய்ப் பிரிவுக்கு அனுப்புவதாக முடிவு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் செல் குண்டு விழுந்தால் எங்களுக்கு வேறு நோய், வருத்தமே வரக்கூடாதா?

வியாழன் மத்தியானம் அவள் அயர்ந்து தூங்கினாள். கட்டிலுக்கடியில் துடைத்துவிட்டு நிமிர்ந்த சூசைதாசன் அப்படியே நின்றுவிட்டார். தூக்கத்திலும் கை துடித்தது. என் பக்கம் திரும்பினார்.

"கவலையெண்டால் நித்திரையில நிண்டிருக்கும், பவளராணி. இது வலிப்பு. கோஷெவ்னிக்கோவ் எழுதினது இதைத்தான்."

ருஷ்யாவில் நரம்பு வைத்தியத்துக்கு வழி திறந்தவராம். இந்த நிற்காத வலிப்பை அவர் இனங்கண்டு நூறு வருடம் ஆகப்போகிறதாம்.

வெளியே பேனாட்டைப் பிடித்துக்கொண்டார். "சின்னனில இவளுக்கு வலிப்பு வந்ததோ?"

"மெதுவாக் கதையுங்கோ அண்ணை. விபோர்க்கில மாப்பிள்ளை பேசியாச்சு. கவலையெண்டால் மாறீடும் எண்டு சொல்லலாம். வலிப்பெண்டால் ஆர் கட்டுவாங்கள்?"

"அதுக்குத் தங்கச்சியை விசரியாக்குவியோ, நாயே!"

வாளியை அங்கேயே விட்டுவிட்டு டொக்டரின் அறைக்குள் போய், தெரிந்த டேனிஷில் எல்லாவற்றையும் கொட்டினார். துப்புரவுக்காரன் வருத்தம் இன்னதென்று சொல்வதா என்று டொக்டரின் முகம் சிவந்தது. ஆனால் அந்த ருஷ்யப் பெயர் அவருக்கும் தெரிந்திருந்தது. எழுந்து போய், தூங்குகிறவளின் கையைப் பார்த்தார். மூளையைச் சோதித்தார்கள். வலிப்பேதான். மனநோய்ப் பிரிவு இல்லை என்றாயிற்று, மாத்திரை தொடங்கினார்கள். விபோர்க் சம்பந்தமும் முறிந்தது. பேனாட் முறைப்பாடு செய்ய, சூசைதாசனைச் சமையலறைப் பக்கம் மாற்றினார்கள்.

அவர் வார்டில் விட்டுப்போன சப்பாத்துச் சோடியைக் கொடுக்க நான் அங்கே போயிருந்த நேரம் அமலராணி வந்தாள்.

"அண்ணை, எனக்கு என்ன வருத்தம்? எல்லாரும் அண்ணனோடதான் கதைக்கினம்."

சூசைதாசன் அன்று டொக்டரிடம் சொன்னார், பேனாட்டிடம் கத்தினார், எனக்குக் கோஷெவ்னிக்கோவ் வரைக்கும் விளக்கினார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் அவள் கட்டிலடியைத் துடைத்த நானும் சொல்லவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.