குழாயில் இருந்த தொய்வு

கல்யாணப் பேச்சின்போது மாமனார், "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார். "ஆவியோட வேலை" என்று இவர் உள்ளதைச் சொன்னார். அன்றிலிருந்து மைத்துனன் இவருக்கு வைத்த பெயர் பேயோட்டி. உண்மையில் இவர் கொதிகலன் பார்ப்பவர்.

துணி ஆலை, சலவைக்கூடம் என்று இருபத்தாறு வருடம் கொதிகலன்களோடு காலம் தள்ளிவிட்டு, ஐம்பது வயதில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே இருந்த கொதிகலனைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. தண்ணீர்க் குடத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

அங்கே பொறுப்பில் இருந்தவர் முப்பது வயதுப் பெண் பொறியாளர். அவரே விளக்கினார்.

"எண்ணூறு டிகிரி சூட்டுல பீங்கான் தகடுங்களை அடுக்கி வெச்சிருக்கோம்ணே. நீங்க தர்ற நீராவியோட கரியமில வாயுவையும் கலந்து அனுப்பி, மின்சாரம் குடுப்போம். ரெண்டுலேருந்தும் ஆக்சிஜன் பிரிஞ்சு தகட்டுக்கு அந்தப் பக்கம் போயிடும். இந்தப் பக்கம் மிஞ்சுறது எரியும்."

"எரிஞ்சு முடிஞ்சதை மறுபடி எரிய வைக்கிறீங்க?"

"அதேதான். வெச்சுட்டா நல்லா இருக்கும்."

மூன்று மாதமாக அது நடக்கவில்லை. கணினித் திரையில் நேராக ஓட வேண்டிய மின்னழுத்தக் கோடு, நிமிடத்துக்கு ஒரு தரம் துள்ளியது. இரண்டு அடுக்குகள் விரிசல் விட்டுவிட்டன. பழியெல்லாம் தகடு செய்தவர்கள் தலையில் விழுந்தது.

இவர் திரைப் பக்கம் போகவில்லை. ஒரு மரக்குச்சியின் நுனியைக் குழாயில் ஊன்றி, மறுநுனியில் காதை வைத்து, கொதிகலனிலிருந்து தகடுகள் இருந்த உலைவரை அடி அடியாக நகர்ந்தார். நடுவில் குழாய் ஒரு முழ நீளத்துக்குத் தொய்ந்திருந்தது. அங்கே களக் என்றது.

"தகடு மேல தப்பில்ல மேடம். ஆவி இங்க குளிர்ந்து தண்ணியா தேங்குது. நிறைஞ்சதும் மொத்தமா எகிறி உள்ள போகுது. அந்தச் சூட்டுல பீங்கான் தாங்குமா?"

பொறியாளர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "தினம் இதைத் தாண்டித்தான் நடக்கிறேன்" என்றார்.

"நீங்க தகட்டைப் பாத்தீங்க. எனக்குத் தெரிஞ்சது குழாய்தானே."

குழாயைக் கழற்றி, கொதிகலன் பக்கமாக ஒரே சரிவாக மாட்டினார். சூடேற்றும் நாடாவை நெடுக்கச் சுற்றி மேலே காப்புப் பஞ்சு கட்டினார். புதிய அடுக்கை நிமிடத்துக்கு ஒரு டிகிரியாகச் சூடேற்றினார்கள். மூன்றாம் நாள் பகலில் கோடு அடங்கி நேராக ஓடியது. வெளியே வந்த வாயுவைப் பற்றவைத்ததும் சுண்டுவிரல் உயரத்துக்கு நீலச் சுடர் நின்றது. யாரும் கைதட்டவில்லை. பொறியாளர் உட்கார்ந்து, காலையிலிருந்து ஆறிக் கிடந்த காப்பியை நிதானமாகக் குடித்தார்.

குடும்பத்தாரை உள்ளே விட்ட ஒரு நாளில் மனைவியும் வந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா? நம்ம அடுப்பு இதைவிடப் பெருசா எரியுமே."

"இது சின்னப் பிள்ளை. வளரும்" என்றார் இவர்.

திரும்பும்போது பேருந்தில் மனைவி சொன்னார்: "அந்தப் பொண்ணு உங்களை ரொம்பப் பொறுமைசாலின்னு ரெண்டு தடவை சொல்லிச்சு."

"நீ என்ன சொன்னே?"

"ஒரு வாரம் எங்க வீட்ல வந்து இருந்து பாருங்கன்னேன்."

இவர் சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.