மாலை ஐந்து முதல் ஏழு வரை

போன செவ்வாய்க்கிழமை காய்கறி வாங்கிக்கொண்டு ஏரிக்கரை வழியாக வந்தேன். கரையில் ஓர் இளைஞர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். கையில் சுருட்டிய வரைபடம். பின்னால் இரண்டு பேர் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள்.

நம் ஊரில் யாராவது எதையாவது அளந்தால் நின்று கேட்காமல் போக முடியுமா? கேட்டேன்.

“ஏரியை அழகுபடுத்தப் போறோம் மேடம். சுத்தி நடைபாதை, சோடியம் லைட், ஒரு ஃபவுண்டன்... பார்க் மாதிரி வரும். பெரிய ஃபண்டு சாங்ஷன் ஆயிருக்கு.” முகமெல்லாம் சந்தோஷம். வேலைக்குச் சேர்ந்து அவர் பார்க்கும் முதல் திட்டம் போலிருக்கிறது.

“நல்லது தம்பி. எத்தனை மணிக்குத் திறப்பீங்க?”

விழித்தார். “அதெல்லாம் கட்டி முடிச்சப்புறம் பார்த்துக்கலாம் மேடம்.”

அவர் மேல் தப்பில்லை. வரைபடத்தில் நேரம் போட இடம் ஏது? எனக்குத்தான் அந்தப் பதிலைக் கேட்டதும் உடம்பெல்லாம் அசதியாக வந்தது. பையை இறக்கி வைத்துவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு எங்கள் ஊர் தெரியும். கர்நாடக எல்லையை ஒட்டிய ஃபாக்டரி ஊர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு பூங்கா இருப்பதும் தெரியும். அதற்குள் நாங்கள் எப்படிப் போனோம் என்பதை இதுவரை எழுதியதில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து நாங்கள் இங்கே வந்த புதிது. என் கணவருக்கு ஒரு ஃபாக்டரியில் பிரஸ் ஷாப்பில் வேலை. தகடை அச்சில் வைத்து, மேலிருந்து இறங்கும் இரும்பு அழுத்தி எடுக்கும் மெஷின். அசந்தால் தகடோடு கையும் போய்விடும்.

வீடு என்றால் ஒரே அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கே கேட்கும். நைட் ஷிஃப்ட் வாரங்களில் அவர் காலையில் வந்து, சாப்பிட்டுப் படுப்பார். அதே அறையில் நான், நாலு வயசுப் பெண், இரண்டு வயசுப் பையன்.

நீங்களே சொல்லுங்கள்... இரண்டு வயசுப் பிள்ளையிடம் “சத்தம் போடாதே” என்று எவ்வளவு நேரம் சொல்ல முடியும்?

அதனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவேன். எங்கே போவது? கோயிலைக் கொஞ்ச நேரத்தில் சாத்திவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டில் தூசி. போதாததற்கு ரிவர்ஸில் வரும் பஸ். ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தால் “எந்த வண்டிக்கும்மா?” என்று கேட்பார்கள். எந்த வண்டிக்கும் இல்லை ஐயா, தூங்குகிற ஒரு மனிதருக்காக உட்கார்ந்திருக்கிறேன் என்றா சொல்வது?

என்னோடு கூட வருகிறவள் ரத்னம்மா. பக்கத்து வீடு. பாகலூர்க்காரி. புருஷனோடு தெலுங்கு, மாமியாரோடு கன்னடம், என்னோடு தமிழ் — பிள்ளைகளைத் திட்டும்போது மூன்றும் கலந்து வரும். அவள் கணவர் நாகராஜும் அதே பிரஸ் ஷாப்தான். அவளுக்கு மூன்று குழந்தைகள், கடைசி கைக்குழந்தை.

ஒரு வாரம் அந்தக் கைக்குழந்தைக்கு விடாத காய்ச்சல். பகலெல்லாம் அழுகை. வெளியே தூக்கிப் போகவும் முடியாது. அந்த வாரக் கடைசியில் விடியற்காலை ஃபாக்டரி ஜீப் எங்கள் லைனுக்கு வந்து நின்றது. நாகராஜின் வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ரத்னம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

“கண்ணு சொக்கிடுச்சாம் அக்கா. ஒரு செகண்டுதானாம். இவ அழுத அழுகைக்கு அந்த ஆளு எங்கருந்து தூங்குவாரு? இவளைத் திட்டறதா, மெஷினைத் திட்டறதா?”

அன்றைக்கு என் கணவர் சோற்றைப் பிசைந்தபடி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் தூங்கணும். எப்படியாவது என்னைத் தூங்க விடு” என்றார். அதட்டலாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் கெஞ்சினார்.

அந்தச் சமயத்தில்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பூங்கா எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்ப்போம். ஆளுயர காம்பவுண்டு சுவர், ஈட்டி முனை வைத்த இரும்பு கேட், சிமென்ட் மான்கள், நீரூற்று, வெளியூரிலிருந்து லாரியில் கொண்டுவந்து பதித்த புல். பல லட்சம் என்று பேசிக்கொண்டார்கள். எத்தனை லட்சமானாலும் சரி, உட்கார ஓர் இடம் வருகிறதே!

திறப்பு விழாவுக்கு பேண்டு வாத்தியம் வந்தது. சீரியல் லைட் போட்டார்கள். மறுநாள் காலையில் ரத்னம்மாவும் நானும் ஐந்து பிள்ளைகளும் தண்ணீர் பாட்டிலோடு போய் நின்றோம்.

பூட்டு.

பக்கத்தில் பளபளவென்று போர்டு. ‘பார்வை நேரம்: மாலை 5 முதல் 7 வரை. புல்வெளியில் நடக்காதீர்கள்.’

உள்ளே வாட்ச்மேன் முனுசாமி ஹோஸ் பைப்பால் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆள். பாதி நரைத்த மீசை.

“அண்ணா, பசங்க கொஞ்ச நேரம் ஆடிட்டுப் போகட்டும், திறங்க” என்றாள் ரத்னம்மா.

“ஆர்டர் இல்லீங்கம்மா. சாயங்காலம் வாங்க.”

“சாயங்காலம் எங்க வீட்டுக்காரங்க எழுந்துடுவாங்களே!”

அவருக்குப் புரியவில்லை. பைப்பைக் கீழே போட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு என்ன செய்தோம் தெரியுமா? சுவருக்கு வெளியே உட்கார்ந்தோம். காலையில் மேற்குப் பக்கத்தில் நல்ல நிழல் விழும். வெயில் ஏற ஏற நிழல் ஒடுங்கும். நாங்களும் சுவரோடு ஒடுங்குவோம். உச்சி வெயிலில் நிழலே இருக்காது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்போம். பல லட்சம் செலவில் எங்களுக்குக் கிடைத்தது அந்தச் சுவர் நிழல்தான்.

நாகராஜ் கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய வாரம், ரத்னம்மா கிளம்பிவிட்டாள். “முனிசிபல் ஆபீஸ்ல போய் கேக்கலாம் வா அக்கா. கேட்டா என்ன, அடிச்சா துரத்துவாங்க?” லைனிலிருந்து இன்னும் சில பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். எல்லார் இடுப்பிலும் ஒரு பிள்ளை.

அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். அவர் மேஜையில் நிறைய ஃபைல். கண்ணுக்குக் கீழே கறுப்பு. அவரும் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும்.

“பகல்ல திறந்தா ஆடு மாடு வரும்மா. சீட்டாட வருவாங்க. புல்லு ஒரே மாசத்துல போயிடும். மேலேயிருந்து இன்ஸ்பெக்‌ஷன் வர்றப்ப பச்சையா இருக்கணும். கெட்டுப்போனா, காசு வீணாப் போச்சேன்னு என்னைத்தான் கேப்பாங்க.”

ரத்னம்மா எழுந்து நின்றாள். “வீட்டுக்காரரு தூங்காம ரெண்டு வெரலைக் குடுத்துட்டாரு சார். மீதி இருக்கறது எட்டு. புல்லு போனா மறுபடி வைக்கலாம் இல்லீங்களா?”

அவர் ஃபைலை மூடினார்.

“காலையில மட்டும். பொம்பளைங்க, குழந்தைங்க மட்டும். வாட்ச்மேன்கிட்ட வாயால சொல்றேன். எழுத்துல கேக்காதீங்க.”

அதற்குப் பிறகு வந்த ஒன்றரை வருஷத்தை நான் மறக்க மாட்டேன். பிள்ளைகள் சிமென்ட் மான் மேல் ஏறி ஏறி அதன் காதுகளை உடைத்தார்கள். நீரூற்று மோட்டார் எரிந்து நின்றுபோனது — யாரும் வருத்தப்படவில்லை. தொட்டியில் தேங்கிய தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டோம். புல் அங்கங்கே தேய்ந்தது உண்மைதான். வீட்டில் ஓர் ஆள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். சாயங்காலம் எழுந்து பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். வேறென்ன வேண்டும்?

பிறகு அந்த அதிகாரிக்கு டிரான்ஸ்ஃபர். புதியவர் வந்தார். புல்லைப் பார்த்தார். பூட்டச் சொன்னார்.

மறுபடியும் நாங்கள் ஆபீஸ் படியேறினோம். “போன சார் பர்மிஷன் குடுத்தாரு” என்றேன்.

“எழுத்துல இருக்கா?”

இல்லை. நாங்கள் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. கோபிக்கவும் இல்லை; அடுத்த ஃபைலை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த முறை யார் விரலைக் காட்டி ஆரம்பிப்பது?

பொதுப்பணம் என்கிறோம். பூங்கா கட்டப் பணம் கிடைத்துவிடுகிறது. திறப்பு விழாக் கல்லைப் பதித்ததும் கணக்கு முடிகிறது. திறந்து வைப்பதற்கும் திறந்தே வைப்பதற்கும் நடுவில்தான் நம் காலம் போய்விடுகிறது. அதை ஒவ்வொரு அதிகாரியிடமும் புதிதாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

மறுநாள் காலை பழையபடி சுவர் நிழலுக்கே போனோம். எங்களுக்குப் பழக்கம்தானே! சேலையை விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தோம். முனுசாமி கேட் பக்கம் வந்தார். எங்களைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்தபடி பேசினார்.

“சார் வந்து பார்த்துட்டுப் போயிட்டாருங்க. பூட்டு தொங்குதான்னு பார்த்தாரு. தொங்குது.”

“தெரியுதுண்ணா. நாங்க இங்கயே உக்காந்துக்கறோம்” என்றாள் ரத்னம்மா.

அவர் நகரவில்லை.

“தொங்கத்தான் விட்டிருக்கேன் தாயி. அழுத்திப் பூட்டலை.”