2605, ஐந்தாம் மாதம்

“2605 - 5 - 11. மழை. ஊரிலிருந்து ஒரு செய்தியும் இல்லை. பிள்ளை எப்படி இருக்கிறதோ.”

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் அக்காவிடம் உள்ள நாட்குறிப்புத் தாள் இது. எழுதியவர் அவருடைய அப்பா. மலாயா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். 1941 கடைசியில், கர்ப்பமாயிருந்த மனைவியை யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேற்றிவிட்டுத் தான் அங்கேயே தங்கிவிட்டார். அடுத்த பெப்ரவரியில் அக்கா பிறந்தார். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய சக ஊழியர் ஒருவர் இந்தத் தாளைக் கொடுத்து, ஆள் காய்ச்சலில் போய்விட்டார் என்று சொன்னார். எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை.

மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர்களின் வீடுகளில் வேலை எண் எல்லோருக்கும் மனப்பாடம். கடிதம், பென்சன் எல்லாவற்றுக்கும் அதுதான் முகவரி. அதனால் 2605 என்பதை வேலை எண் என்றே வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாம் மாதம் என்றால் பிள்ளை பிறந்த பிறகு வந்த முதல் மே, 1942 என்று கணக்குப் போட்டார்கள். அதோடு செய்தி நின்றுவிட்டது. பிறந்து மூன்று மாதத்தில் தகப்பனைத் தின்றவள் என்ற பெயர் அக்காவுக்கு வந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் இந்தத் தாளைப் பார்த்த நானும் என் குறிப்பேட்டில் “வேலை எண்” என்றே பதிந்திருந்தேன்.

சென்ற மாதம் இங்குள்ள ஓர் ஆவணக் காப்பகத்தில் வேறொரு குடும்பத்தின் மலாயாக் காகிதங்களைப் புரட்டினேன். ஒரு ரேஷன் அட்டையில் ஆண்டு 2604 என்று அச்சாகியிருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அங்கே அவர்களுடைய ஆண்டுக் கணக்கே நடந்திருக்கிறது. அதில் 660ஐக் கழித்தால் நம் ஆண்டு. திரும்பும் ரயிலில் மூன்று தடவை கழித்துப் பார்த்தேன். 2605 என்பது 1945. யுத்தம் முடிய மூன்று மாதம் இருந்திருக்கிறது.

ஆடி அமாவாசையன்று போனேன். அக்கா அப்பாவுக்காக விரதமிருந்து, அந்த நாளுக்கென்றே வைக்கும் கசப்பான காத்தோட்டிங்காய்க் கறி வைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, நான் ஒரு பிழை விட்டிட்டன். அது வேலை நம்பர் இல்லை, வருசம்.”

“இரண்டாயிரத்து அறுநூறோ? அப்ப அப்பா இன்னும் பிறக்கேல்லை எண்டுறீரோ, தம்பி?”

விளக்கிச் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு, விரல்விட்டு எண்ணினார்.

“அப்ப எனக்கு மூண்டு வயசு.”

“ஓம்.”

“மூண்டு வருசமா நான் அந்த மனுசனை ஒண்டும் செய்யேல்லை.” சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் நடக்கிறது, கதைக்கிறது எல்லாத்தையும் நினைச்சுப் பாத்திருப்பார், என்ன?”

“பாத்திருப்பார்.”

“சண்டை முடிஞ்சது தெரிஞ்சிருக்குமோ?”

“அது தெரியேல்லை அக்கா. தேடுறன்.”

“தேடும். ஆனா இப்ப சாப்பிட்டிட்டுப் போம்.” எனக்கும் ஓர் இலை போட்டார்.

வீட்டுக்கு வந்து “வேலை எண்” என்றிருந்ததை அடித்து, “1945 மே 11, உயிருடன்” என்று எழுதினேன். யுத்தம் முடிந்த அந்த ஆகஸ்டில் அவர் உயிரோடிருந்தாரா என்பது இன்னும் உறுதிப்படவில்லை.