எதிர்த் திரையில் மறைந்த இரண்டு கிலோ

நெல்லிவாசல்நாட்டில் ஒரு புளி கொள்முதல் நிலையத்துக்கு எடை போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். நிறுவிய முதல் நாளே பிரச்சினை.

வேலை சின்னதுதான். ஒரே கணினி, இரண்டு விண்டோ. ஒன்று எடை போடுபவருக்கு. இன்னொன்று, மூட்டை கொண்டுவருபவர்கள் பார்ப்பதற்காக எதிர்ப்பக்கம் திருப்பி வைத்த திரையில். நிலைய மேலாளர் சேகர் போனில் சொல்லியிருந்தார்: "இங்க இன்னா நடக்குதோ அத்தினியும் அங்க தெரியணும் சார். ஒண்ணு வுடக் கூடாது. ஜனங்களுக்கு நம்ம மேல நம்பிக்கை வரணும்."

நானும் ஒன்றையும் விடவில்லை. முதல் விண்டோவில் தராசின் எடை விழுந்தாலும் கீ தட்டினாலும் மவுஸ் க்ளிக் செய்தாலும், அந்த ஈவென்ட் அப்படியே இரண்டாவது விண்டோவுக்கு ஃபார்வர்ட் ஆகும். அங்கிருந்து திரும்பி வராதபடி ஒரு ஃப்ளாக்கும் வைத்தேன். இல்லாவிட்டால் இரண்டும் மாறி மாறி அனுப்பிக்கொண்டே உறைந்துபோகும்.

முதல் மூட்டை ருக்குமணியம்மாவுடையது. தராசிலிருந்து நாற்பத்தொன்று என்று வந்து விழுந்தது. சேகர் பழக்கதோஷத்தில் பேக்ஸ்பேஸ் தட்டி, முப்பத்தொன்பது என்று அடித்தார். எதிர்த் திரையிலும் நாற்பத்தொன்று அழிந்து, எல்லோர் கண்ணெதிரே முப்பத்தொன்பது ஆனது.

"இன்னாங்க இது? மூட்டை தராசு மேலதான கீது? ரெண்டு கிலோ எங்க போச்சு?" என்றார் ருக்குமணியம்மா.

"ஈரம் கீதும்மா, தூசி..." என்றார் சேகர்.

"கொட்டிப் பாருங்க. எங்க கீது ஈரம்?"

வரிசையில் நின்றவர்கள் திரையை நெருங்கினார்கள். சேகர் என்னை வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

"சார், உங்க சாஃப்ட்வேர்ல பக் கீது."

"நீங்க கேட்டதுதாங்க அது."

"எடையக் காட்டச் சொன்னேன். நான் அடிக்கிறத யாரு காட்டச் சொன்னது? அத்த மட்டும் ஃபில்டர் பண்ணிடுங்க."

ஒரு வரி கோட்தான். மறுத்தால் ஆர்டர் போய்விடும், எங்கள் கம்பெனி முதலாளி கத்துவார். "என்ன மறைக்கணும்னு மெயில்ல எழுதிக் குடுங்க, உடனே பண்றேன்" என்றேன். அந்த மெயில் வரவேயில்லை.

மறுநாள் திரையின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். திரை எரியாமல் மூட்டையைத் தராசில் ஏற்ற மாட்டோம் என்று ருக்குமணியம்மாவும் மற்றவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். மதியத்துக்குள் ஒயர் பழைய இடத்துக்கு வந்தது. அதன்பின் தராசு சொன்னதே எடை.

எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு திரையை இன்னொன்றில் அப்படியே மிரர் செய்யச் சொல்பவரிடம், எதைக் காட்டக் கூடாது என்றும் எழுத்தில் கேளுங்கள். 'திரை சரியில்லை' என்று சேகர் போனில் கொடுத்த புகார் எங்கள் பக் பட்டியலில் இன்னும் தீராமல் கிடக்கிறது. ஒவ்வொரு அப்டேட் முடிந்ததும், அந்தக் கோளாறு ஒழுங்காக வேலை செய்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.